பன்னிரண்டாம் நம்பர் வாழை

மட்டுவார்குழலிக்கு வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. சாதாரண நாளிலேயே அவளுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. புத்தூரில் வீட்டைப் பூட்டிவிட்டு நாலு கடை தாண்டிப் போனவள், பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அப்புறம் கேஸை மூடினோமா என்று இன்னொரு தடவை. "உன்னைக் கட்டிக்கப்போறவன் பாவம்டி" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். பெயரென்னவோ மலைக்கோட்டை அம்மனுடைய நிதானமான பெயர். அதை முழுசாகக் கூப்பிட யாருக்கும் பொறுமை கிடையாது. குழலி என்றால் போதும்.

அவள் வேலை பார்ப்பது திருவானைக்காவலில், பதினோரு பேரே உள்ள ஒரு வாழை ஆராய்ச்சிக் கூடத்தில். "கம்ப்யூட்டர் படிச்சவளுக்கு வாழைத்தோப்புல என்ன வேலை?" என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். வேலை இதுதான். ரஸ்தாளிக்கு வாடல் நோய் என்று ஒரு சனியன் உண்டு. மண்ணிலிருந்து ஒரு பூஞ்சை வேர்வழியாக ஏறும். குலை தள்ளுகிற சமயமாகப் பார்த்து, நின்ற மரம் நின்றபடியே மஞ்சளாகித் தொங்கிவிடும். அந்தப் பூஞ்சையை உள்ளே விடுகிற ஜீன் ஒன்று வாழைக்குள்ளேயே இருந்தது. ஆய்வுக்கூடத்தில் அதற்குச் செல்லப்பெயர் 'கதவு'. கதவை வெட்டி வீணாக்கிவிட்டால் பூஞ்சை வெளியே நிற்க வேண்டியதுதான்.

வெட்டுவதற்கு ஜீன் கத்தரி தயார். ஆனால் எந்த இடத்தில் வெட்டுவது என்று அதைக் கூட்டிக்கொண்டு போக ஒரு விலாசம் வேண்டும். டி.என்.ஏ. எழுத்துகள் இருபது கொண்ட விலாசம். அதைத்தான் கைடு என்பார்கள். சிக்கல் எங்கே என்றால், கதவுக்கு ஒரு தம்பி இருந்தான். அண்ணனை உரித்து வைத்த மாதிரி இன்னொரு ஜீன். மரம் வளர்வதே அவன் தயவில். தவறிப்போய்த் தம்பியை வெட்டினால் கன்று ஒரு விரல் உயரம்கூட எழும்பாது. குழலி பொறுக்கி எடுத்த நாலாம் நம்பர் கைடுக்கும் இந்தத் தம்பிக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஏழாவது எழுத்து.

எழுத்துகளை எண்ணிப் பார்க்கிற பழைய மென்பொருள், "ஒரு எழுத்துதான் வித்தியாசமா? தூக்கிப் போடு" என்று சொல்லிவிட்டது. குழலி கேட்பாளா? கைடையும் ஜீன்களையும் குவாண்டம் சிமுலேஷன் மென்பொருளில் ஏற்றினாள். அது எழுத்தை எண்ணாது. ஒவ்வொரு எழுத்தும் எதிரே இருக்கிற எழுத்தை எவ்வளவு கெட்டியாகப் பிடிக்கும் என்று எலக்ட்ரான் மட்டத்தில் இறங்கிக் கணக்குப் போடும். வாடகைக்கு எடுத்த ஏதோ ஒரு ஊர் மெஷினில், ஆறு மாதம், விட்டு விட்டு ஓடியது. கடைசியில் அது சொன்னது இதுதான்: ஏழாவது எழுத்து மாறியிருப்பதால் கைடு தம்பியிடம் நிற்காது, வழுக்கிவிடும், கதவை மட்டும் கெட்டியாகப் பிடிக்கும், இருக்கிற கைடுகளிலேயே இதுதான் உத்தமம்.

இதைக் காட்டித்தான் டைரக்டர் காசிநாதனைச் சம்மதிக்க வைத்தாள். அவர் மனசில்லாமல்தான் தலையாட்டினார்.

"உன் மெஷினை நம்பித்தாம்மா இறங்கறேன். திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு சுராயா கைடை செல்லுக்குள்ள ஏத்தப்போறா. அதுக்கு முன்னாடி டிசைன் சரின்னு உன் கையெழுத்து வேணும்."

"போட்டுடறேன் சார்" என்று குழலியும் வீரமாகச் சொல்லிவிட்டு வந்தாள். வந்து, சிமுலேஷன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை மறுபடியும் படித்தாள். அங்கேதான் பிடித்தது சனி. எல்லாமே அந்த ஏழாவது எழுத்தை நம்பித்தான். தம்பியிடமும் கதவில் இருக்கிற அதே எழுத்து இருந்துவிட்டால், மெஷின் ஆறு மாதம் போட்ட கணக்கு அத்தனையும் தலைகீழ்.

அவள் எழுந்து சுராயாவின் அறைக்குப் போனாள்.

சுராயாவிடம் ஒரே ஒரு குடுவை இருந்தது. ஆட்டிக்கொண்டே இருக்கிற ஒரு தட்டின்மேல், இளமஞ்சளாக, சத்துமாவுக் கஞ்சி மாதிரி ஒரு திரவம். வாழைப்பூவின் உள்மடலில் நகக்கண் அளவில் இருக்கிற பிஞ்சுகளைப் பிரித்தெடுத்து, அவற்றிலிருந்து பதினாலு மாதம் பாடுபட்டு வளர்த்த செல்கள். கைடு போய் வேலை செய்ய வேண்டியது இதற்குள்தான். இதிலிருந்து கன்று முளைத்தால்தான் சுராயாவுக்கு பிஎச்.டி. டிசம்பரோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. முதலில் மூன்று குடுவை இருந்தன. இரண்டில், திறந்து மூடியபோது பூஞ்சை விழுந்து குப்பைக்குப் போயின. அதற்கப்புறம் அந்த அறைக்குள் யாராவது தும்மினால்கூட சுராயா அடிக்க வருவாள்.

"சுராயா, ஒரு சொட்டு குடேன். அந்த ஏழாவது எழுத்தை செல்லுலயும் ஒரு தடவை பாத்துடறேன்."

"ஒரு சொட்டா? என் உயிரைக் கேளு, தரேன்" என்றாள் சுராயா. "ஏண்டி, இலையில பாத்தாச்சுல்ல?"

"பாத்தாச்சு."

"எந்த மரத்து இலை?"

"பன்னெண்டு."

"இது எந்த மரத்துப் பூ?"

"பன்னெண்டு."

"அப்புறம் என்ன? இதென்ன உங்க வீட்டுப் பூட்டா, போற வழியெல்லாம் இழுத்து இழுத்துப் பாக்கறதுக்கு? போ, போய் டீ குடி."

நியாயமான பேச்சுதான். குழலி டீக்கடைக்குப் போனாள், டீயை வாங்கினாள், குடிக்காமல் வைத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை லீவு. லீவு நாளில் மனுஷர்கள் தூங்குவார்கள். குழலி காலை ஏழு மணிக்கெல்லாம் ஸ்கூட்டியில் காவேரிப் பாலம் ஏறிவிட்டாள். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில் இருக்கிறது ஆய்வுக்கூடத்தின் தோட்டம். வரிசைக்குப் பத்தாக நாற்பது ரஸ்தாளி. ஒவ்வொன்றின் கழுத்திலும் மஞ்சள் அட்டை, அதில் கறுப்பு மையில் நம்பர். அந்த நம்பர்களை எழுதியவளும் இவள்தான். ஏழைப் போட்டால் கால் நீட்டிவிடும், இரண்டைப் போட்டால் வால் சுழிக்கும். அவள் கையெழுத்தை ஊரே கண்டுபிடிக்கும்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற தங்கையன் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, நல்ல வேலைக்காரர், வளவளவென்று பேசுகிறவர். இவளைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்ன மேடம், சனிக்கிழமைல? ஆபீஸ் லீவு இல்லையா?"

"லீவுதாண்ணே. பன்னெண்டாம் நம்பர் வேணும்."

சிரிப்பு பாதியில் நின்றது.

"பன்னெண்டா? அது போன வருஷமே வெட்டியாச்சே."

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒரு தடவை குலை தள்ளினால் வாழையின் ஆயுசு அவ்வளவுதான். பக்கத்தில் முளைக்கிற கன்று அதே மரம்தான், அச்சு மாறாது.

"கன்னு இருக்கும்ல? அதுல ஒரு துண்டு இலை போதும்."

"ஓ, கன்னா!" என்று தங்கையன் மூச்சு விட்டார். முன்னால் நடந்து, ஆளுயரம் வளர்ந்திருந்த ஒன்றைக் காட்டினார். "இந்தா இருக்கு. இது பன்னெண்டோட கன்னுதான் மேடம். அதுல ஒரு சந்தேகமும் வேணாம்."

இலையைக் கிள்ளி உறையில் போட்டுக்கொண்டு நேரே ஆய்வுக்கூடம். காவலாளியைத் தவிர ஆள் இல்லை. இலையிலிருந்து தம்பி ஜீனை மட்டும் எடுத்துப் பெருக்கி, ஒரு சின்னக் குழாயில் விட்டு, கைடையும் கத்தரியையும் சேர்த்துப் பார்க்கிற சோதனை. வெட்டுப்பட்டால் இரண்டு கோடு தெரியும், படாவிட்டால் ஒரே கோடு. அரைநாள் வேலை. மத்தியானம் மூன்று மணிக்குப் பார்த்தாள். ஒரே கோடு. தம்பி பத்திரமாக இருந்தான். மெஷின் சொன்னது சொன்னபடி.

இதற்கப்புறம் ஒருத்தி நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்க வேண்டாமா? இவள் போனாள், சாப்பிட்டாள், படுக்கவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். தங்கையன் சொன்ன 'அதுல' என்ற அந்த ஒரு வார்த்தை முள்ளு மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. அதுல சந்தேகம் வேணாம் என்றால், எதுல வேணும்? நாள் முழுக்கப் பேசுகிற மனுஷன், அதைச் சொன்னபின் இலையைக் கிள்ளி முடிக்கிற வரைக்கும் வாயே திறக்காமல் ஏன் நின்றார்?

"என்னடி அலைஞ்சிட்டே இருக்க? உக்காரேன்" என்றாள் அம்மா.

"உக்காந்தா தலை சுத்துதும்மா."

"நீ நடக்கறதைப் பாத்து எனக்குத்தாண்டி சுத்துது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடியும் மேலூர். இந்தத் தடவை தோட்டத்துக்கு இல்லை, தங்கையன் வீட்டுக்கு. அவர் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி சந்திரம்மாள்தான் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். குழலியைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக எழுந்து வந்தார்.

"வாங்க மேடம், வாங்க! கல்யாணத்துக்கு வந்தது, அதுக்கப்புறம் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலியே. நம்ம மகாலட்சுமி முழுகாம இருக்கா, தெரியுமா? அஞ்சாம் மாசம்."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம்க்கா." நிஜமாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது. தங்கையனின் மூத்த மகள் கல்யாணம் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. போன வருஷம் ஆனி மாதம், ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில். ஆய்வுக்கூடமே திரண்டு போனது. டைரக்டர் பட்டு வேட்டி கட்டி வந்தார்.

காபி வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் குழலி கேட்டுவிட்டாள்.

"அக்கா, போன வருஷம் பன்னெண்டாம் நம்பர்னு ஒரு மரம் தோட்டத்துல நின்னுதே. அதை அண்ணன் எப்ப வெட்டினாரு, ஞாபகம் இருக்கா?"

"நம்பரெல்லாம் எனக்கெங்க தெரியும் மேடம்? அந்த வருஷம் அவர் வெட்டினது ஒரே ஒரு மரம்தான் எனக்குத் தெரியும். மகாலட்சுமி கல்யாணத்துக்கு வாசல்ல கட்டினோமே, அது."

குழலி காபியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்குப் பட்ட பாடு இருக்கே!" சந்திரம்மாளுக்குச் சொல்லச் சொல்லச் சிரிப்பு. "வாசலுக்கு ரெண்டு மரம் சொல்லி வெச்சிருந்தோம். வண்டியில வந்து எறங்குது, ஒண்ணுல குலை மொட்டையா ஒடிஞ்சு தொங்குது. ஒடிஞ்ச குலையைக் கல்யாண வாசல்ல கட்டுவாங்களா? இந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டு வேன் பாலம் ஏறிடுச்சுன்னு போன் மேல போன். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இவரு அருவாளைத் தூக்கிட்டு ஓடினாரு பாருங்க! தோட்டத்து கேட்டுக்குப் பக்கத்துல எது குலையும் பூவுமா நின்னுதோ அதை ஒரே போடு. அந்த மரத்துகிட்ட நின்னுதானே நீங்கள்லாம் போட்டோ எடுத்துக்கிட்டீங்க? எவ்ளோ அழகான குலைன்னு உங்க சார்கூட சொன்னாரே."

குழலி கைப்பையைத் துழாவி போனை எடுத்தாள். போன வருஷம், ஜூன். படங்களைத் தள்ளித் தள்ளி எங்கெங்கோ போய், கடைசியில் அகப்பட்டது. அவளே கையை நீட்டி எடுத்த படம். முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு இவள். தோளில் சாய்ந்து சுராயா, பச்சை துப்பட்டா. பின்னால் பட்டு வேட்டியில் காசிநாதன், மண்டபத்தையே விலைக்கு வாங்கியவர் மாதிரி வாழைமரத்தில் கையை ஊன்றிக்கொண்டு. அவர் கைக்கு ஒரு சாண் கீழே, சுராயாவின் தலையை உரசியபடி, ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது. பெரிதாக்கிப் பார்த்தாள். பன்னிரண்டு. இரண்டின் வால் சுழித்திருந்தது.

பதினாலு மாதமாக இது அவள் கைப்பைக்குள்தான் இருந்திருக்கிறது.

பால் பாக்கெட்டோடு உள்ளே நுழைந்த தங்கையன், இவள் கையில் இருந்த போனைப் பார்த்தார். அப்புறம் மனைவியைப் பார்த்தார். பால் பாக்கெட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார்.

"அண்ணே, மரம் போனது போகட்டும். சுராயாகிட்ட நீங்க குடுத்த பூ எந்த மரத்தோடது?"

தங்கையன் பால் பாக்கெட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"கல்யாணம் முடிஞ்ச மறுநாளே பூ வேணும்னு போன் பண்ணிட்டாங்க மேடம். மண்டபத்துல கட்டின மரத்துப் பூவெல்லாம் அதுக்குள்ள வாடிப்போச்சு. ஆராய்ச்சி மரத்தை வெட்டிட்டேன்னு எந்த வாயால சொல்றது? வாய்க்கால் ஓரமா ஒண்ணு பூ விட்டிருந்துச்சு. அதுவும் ரஸ்தாளிதானேன்னு அறுத்து, அட்டையை அவுத்து அதுல கட்டிக் குடுத்துட்டேன்."

"அது எங்கேர்ந்து வந்த கன்னு?"

"இவ ஊருலேர்ந்து. பச்சைமலை அடிவாரம். சும்மா கெடக்கட்டுமேன்னு நான்தான் ஊனி வெச்சேன். பெரிய தப்பாயிடுச்சா மேடம்?"

என்ன சொல்வாள்? இரண்டும் ரஸ்தாளிதான், பழம் ஒரே ருசிதான். சந்தையில் எவனும் பேதம் கண்டுபிடிக்க மாட்டான். இருபது எழுத்தில் ஏழாவது எழுத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? உலகத்திலேயே அதைப் பற்றிக் கவலைப்படுகிறவள் தான் ஒருத்திதான் என்று குழலிக்குத் தோன்றியது. ஆத்திரமும் வந்தது, அந்த மனுஷன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துப் பாவமாகவும் இருந்தது.

"தெரியலண்ணே. பாத்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

சுராயா பாலக்கரையில் வீட்டில் இருந்தாள். போனில் விஷயத்தைச் சொன்னபோது அந்தப் பக்கம் குக்கர் விசில்தான் கேட்டது.

"சுராயா? இருக்கியா?"

"வரேன்" என்று வைத்துவிட்டாள்.

அரை மணியில் வந்து சேர்ந்தாள். கையைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள், கையுறை மாட்டினாள். குடுவையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் திறந்தாள். மூன்று சொட்டு எடுத்தாள். மூடியபின் குடுவையை வெளிச்சத்தில் தூக்கி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தாள். கண்ணுக்கே தெரியாத அளவுதான். அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"இந்தா. இப்பவும் ஒரே கோடு வரணும். வரலன்னா..." என்றாள்.

சோதனை முடிகிற வரைக்கும் இருவரும் சாப்பிடவில்லை. குழலி நடந்தாள். சுராயா உட்கார்ந்தே இருந்தாள். ஒரு கட்டத்தில் அவள் தலையைத் தூக்கி, "கொஞ்சம் நில்லேண்டி, உன் செருப்புச் சத்தமே என்னைக் கொன்னுடும்போல இருக்கு" என்றாள். குழலி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தாள்.

நாலரை மணிக்கு, கோடுகளைப் படம் பிடிக்கிற விளக்குப் பெட்டியை மூடிவிட்டுத் திரையைப் பார்த்தார்கள். இடது பக்கம் நேற்றைய இலை. ஒரே கோடு. வலது பக்கம் சுராயாவின் செல். இரண்டு கோடு.

கைடு தம்பியைப் பிடித்து வெட்டியிருந்தது. சுத்தமான வெட்டு, மிச்சம் மீதி இல்லாமல்.

சுராயா நாற்காலியிலிருந்து நழுவித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. அழுகிறாள் என்று குழலிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"யா அல்லாஹ்! நாளைக்குக் காலைல பத்து மணிக்கு, நானே என் கையால, மொத்தத்தையும் கொன்னிருப்பேண்டி. என்னன்னே தெரியாம ஆறு மாசம் தண்ணி ஊத்திட்டு உக்காந்திருப்பேன், ஏன் வளரல, ஏன் வளரலன்னு."

குழலியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று நாளில் அவள் உட்கார்ந்தது அப்போதுதான்.

"உன் மெஷினைத் திட்டியிருப்பாங்க. நானும் திட்டியிருப்பேன்" என்றாள் சுராயா.

"மெஷின் சரியாத்தான் சொல்லுச்சு. நான் அதுக்குக் காட்டினது வேற மரம்."

"அந்தப் போட்டோவைக் காட்டு." வாங்கிப் பார்த்தாள். "என் தலை மேலயே தொங்குது பாரு. நான் ஈன்னு இளிச்சிட்டு நிக்கிறேன். பூ வந்தப்போ நம்பரைப் பாத்தேன், எழுதிக்கிட்டேன். எந்த மரம்னு போய்ப் பாத்தேனா?" துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இது இன்னும் மூணு வாரம் தாங்கும் குழலி. அதுக்கு மேல போனா கெழடு தட்டிடும், கன்னு வராது. மூணு வாரத்துல வேற கைடு கெடைக்குமா?"

"கெடைக்கணும்" என்றாள் குழலி.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் காசிநாதன் பேனாவோடு காத்திருந்தார். குழலி கையெழுத்துப் போடவில்லை. கோடுகளைக் காட்டினாள், நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"கல்யாண வாசல்ல கட்டினானா? ரிசர்ச் மரத்தையா? அறிவுகெட்டத்தனமா இல்ல? காவலுக்கு வெச்ச வேலியே பயிரை... வெச்சது என் தப்பு! ஒரு பய, ஒரே ஒரு பயகூடவா அதைப் பாக்கல?"

குழலி போனை மேஜையில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். தன் பட்டு வேட்டியைப் பார்த்தார். மரத்தில் ஊன்றியிருந்த தன் கையைப் பார்த்தார். அந்தக் கைக்குக் கீழே இருந்த அட்டையையும் பார்த்தார். சுராயா உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நல்ல குலைன்னு நான்கூடச் சொன்னேன், இல்ல?" என்றார் கடைசியில்.

"சொன்னீங்க சார்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். "சரி. புதுசா எத்தனை நாள் ஆகும்?"

அதற்குள் கதவருகே தங்கையன் வந்து நின்றார். சட்டை முழுக்கச் சேறு. ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு வாழைக்கன்றைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"வாய்க்கால் மரத்தோட கன்னுங்க சார். விடிஞ்சதும் தோண்டினேன். செல்லுலேர்ந்து இன்னும் எடுக்க வேணாம், இந்த இலையில வேணுங்கற மட்டும் எடுத்துக்கட்டும். அப்புறம் என்னை என்ன வேணா சொல்லுங்க."

காசிநாதன் எதைச் சொல்வார், பாவம்? குழலி ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து நாற்பத்தொன்று என்று எழுதி, கன்றின் கழுத்தில் தானே கட்டினாள். இரட்டை முடிச்சு. இழுத்துப் பார்த்தாள்.

"இனிமே எந்த மரத்தையும் தொட மாட்டேன் மேடம்" என்றார் தங்கையன். "சின்னவளுக்குத் தை மாசத்துல முகூர்த்தம். அதுக்கு ரெண்டுக்கு நாலு மரமாச் சொல்லி வெச்சிட்டேன்."

அடுத்த பத்தொன்பது நாளும் குழலி தூங்கினாளா என்று அவள் அம்மாவைத்தான் கேட்க வேண்டும். நாற்பத்தொன்றின் இலையிலிருந்து கதவையும் தம்பியையும் எழுத்தெழுத்தாக வாசித்து வாங்கினார்கள். சிமுலேஷன் மறுபடியும் ஓடியது. எல்லாவற்றையும் போட ஆறு மாதம் இல்லை. முதல் ஓட்டத்தில் தேறிய ஒன்பது கைடுகளை மட்டும் போட்டாள். ஐந்தாம் நாள் ஒன்று நின்றுபோய், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. அன்றைக்கு அவள் ஆய்வுக்கூடத்தைச் சுற்றி நடந்த நடைக்கு திருவானைக்காவல் கோயிலைச் சுற்றியிருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. இந்த மரத்துக்குப் பொருந்துவது எட்டாம் நம்பர் கைடு. அதை வரவழைத்து, இலையில் பார்த்து, சுராயா தானாகவே கொடுத்த இன்னும் மூன்று சொட்டிலும் பார்த்தார்கள். கதவு இரண்டு கோடு. தம்பி ஒரே கோடு.

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணி. குழலி கையெழுத்துப் போட்டுவிட்டாள். சுராயா கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, குடுவையைத் திறந்து, எட்டாம் நம்பர் இருந்த சின்னக் குழாயை இடது கையில் எடுத்தாள். ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. கை அப்படியே நின்றது.

சுராயா திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டேதான் கேட்டாள்.

"குழலி, இன்னொரு தடவை பாத்துடலாமா?"

ஒரு சொட்டுக்கு உயிரைத் தருகிறேன் என்றவள் கேட்கிறாள். குழலிக்குப் பார்க்கலாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இன்னும் ஒரு தடவை, அதற்கப்புறம் கடைசியாக ஒரு தடவை, பார்த்துக்கொண்டே இருக்கலாம். செல்லுக்கு இன்னும் இரண்டே நாள்தான்.

"வேணாம். எல்லாம் பாத்தாச்சு. போடு."

சுராயா "பிஸ்மில்லாஹ்" என்று முணுமுணுத்தாள். கை இறங்கியது.

குழலி அதைப் பார்க்கவில்லை. வாசலில் நிறுத்திய ஸ்கூட்டியைப் பூட்டினோமா என்று பார்க்க ஓடியிருந்தாள்.